அத்தையின் பங்கு

எனக்கு ஏழு வயதாயிருந்தபோது மூன்றே மாதத்தில் நன்றாகப் பருத்துவிட்டேன். அதே மூன்று மாதத்தில் என் அத்தை பாதியாகிப் போனார். இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறது என்பதைக் கண்டுபிடித்தவர் எங்கள் தையற்காரப் பெண்மணிதான். ஒரே வீட்டில் இருந்து எங்கள் இருவரையும் தினமும் பார்த்துக்கொண்டிருந்த பெரியவர்களுக்கு அது தோன்றவேயில்லை.

அத்தை அப்பாவின் தங்கை. கண்டிக்குப் பக்கத்தில் குண்டசாலையில் எங்களோடுதான் இருந்தார். பல்லேகலயில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் கிளார்க் வேலை. சாப்பாட்டில் அவருக்கு இருந்த ஈடுபாட்டை அதற்குப் பிறகு நான் யாரிடமும் கண்டதில்லை. ஒரு கட்லட்டைக் கடித்தால் கண்களை மூடிக்கொள்வார். மூடிய கண்களோடு, "மிளகு கொஞ்சம் கூட" என்று தீர்ப்புச் சொல்வார். கறி இறக்கியதும் அம்மா கரண்டியோடு முதலில் தேடுவது அத்தையைத்தான். அப்பாவுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்கூட உண்டு.

அவரைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை ஹேவாஹெட்டப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர், கண்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார். தங்குவதும் சாப்பிடுவதும் போர்டிங்கில். ஆள் மிகவும் ஒல்லி. கதிரையில் உட்கார்ந்தபோது சத்தமே வரவில்லை. அத்தை தேத்தண்ணியும் கட்லட்டும் கொண்டுபோய் வைத்து, எல்லாரையும் கும்பிட்டுவிட்டுச் சமையலறைக்குத் திரும்பி வந்தார். வந்ததும் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"அவங்க என்ன பேசுறாங்கன்னு கேட்டுட்டு ஓடி வந்து சொல்லு. ஒரு சேதிக்கு ஒரு கட்லட்."

எனக்கு அது மிக நல்ல ஏற்பாடாகப் பட்டது. ஆனால் பெரியவர்கள் என் பிழைப்பைக் கெடுத்தார்கள். பஸ் எத்தனை மணிக்கு, மழை எப்போது விடும், மாப்பிள்ளைக்கு இடமாற்றம் வருமா என்று இதையே திருப்பித் திருப்பிப் பேசிக்கொண்டிருந்தார்கள். இதற்கெல்லாம் கட்லட் தரமுடியாது என்று அத்தை இரண்டு முறை என்னைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

அவர்கள் கிளம்பும்போதுதான் எனக்கு அதிர்ஷ்டம் அடித்தது. அப்பாவும் மற்ற ஆண்களும் ஆட்டோவை நிறுத்தப் போயிருந்தார்கள். அம்மா தம்பியைத் தூக்க உள்ளே போயிருந்தார். கேட்டுக்குப் பக்கத்தில் நின்ற மாப்பிள்ளையின் அம்மா தன் தங்கையிடம் மெதுவாகச் சொன்னார்: "பொண்ணு கொஞ்சம் குண்டுதான்..."

அதற்கு மேல் நான் அங்கே நிற்கவில்லை. சேதி கிடைத்துவிட்டது, கட்லட் ஆறிக்கொண்டிருந்தது. மேலும், எங்கள் வீட்டில் கைக்குழந்தையாக இருந்த தம்பியை எல்லாரும் "குண்டு, குண்டு" என்றுதான் கொஞ்சுவோம். ஆகவே நான் கொண்டுபோனது நல்ல சேதி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அத்தை அப்போதுதான் தனக்கென்று ஒரு கட்லட்டைக் கையில் எடுத்திருந்தார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"வேற என்ன சொன்னாங்க?"

"அவ்வளவுதான்."

அவர் தன் கையிலிருந்ததை என் கையில் வைத்தார். "இத யார்கிட்டயும் சொல்லாத, என்ன?" என்றார். நான் வாய் நிறைய வைத்துக்கொண்டு தலையை ஆட்டினேன்.

அடுத்த வாரமே சம்மதம் என்று சொல்லி அனுப்பினார்கள். மூன்று மாதத்தில் கல்யாணம். அத்தைக்கு மாப்பிள்ளையைப் பிடித்திருந்தது. போனில் அவரோடு பேசும்போது குரலே மாறிவிடும். ஆனால் சம்மதம் வந்த மறுநாள் காலையிலிருந்து அவர் தட்டில் ஒரு கரண்டிச் சோறும் ஒரு மலை வல்லாரைச் சம்பலும் மட்டும் இருந்தன. காலையில் வெந்நீரில் பிழிந்த தேசிக்காய். மாலையில் கேன்வாஸ் சப்பாத்து மாட்டிக்கொண்டு கிரிக்கெட் மைதானம் இருக்கும் திசையில் வேக நடை. என்னவென்று கேட்ட அம்மாவிடம், "கல்யாணக் கவுன் போடணுமே அண்ணி" என்று சிரித்துச் சமாளித்தார். அம்மா நம்பிவிட்டார். எனக்கோ அது ஒரு பொருட்டாகவே படவில்லை. ஏனென்றால் எனக்குப் பொற்காலம் தொடங்கியிருந்தது.

அத்தை சாப்பிடுவதைத்தான் விட்டார், வாங்குவதை விடவில்லை. அலுவலகத்தில் யாருக்காவது பிறந்தநாள் என்றால் அவர் பங்குக் கேக் கடதாசியில் சுற்றியபடி கைப்பைக்குள் வந்து சேரும். மாலையில் பாட்டுப் போட்டுக்கொண்டு பேக்கரி ஆட்டோ வந்தால், செருப்புக்கூடப் போடாமல் ஓடிப்போய் நிறுத்துவார். மீனும் உருளைக்கிழங்கும் வைத்த முக்கோண மாலுபாண், ரோல்ஸ், சீனி தூவிய பணிஸ் என்று அப்பாவுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று, எனக்கு இரண்டு. அந்த இரண்டாவது, அவருடைய பங்கு.

நான் சாப்பிடும்போது எதிரே உட்கார்ந்துகொள்வார். "மிளகு கூடவா? கறிவேப்பிலை போட்டிருக்கானா? மீன் துண்டா இருக்கா, மசிச்சிருக்கா?" என்று விசாரணை நடக்கும். சும்மா "நல்லா இருக்கு" என்றால் விடமாட்டார். ஆகவே நானும் கண்களை மூடிக்கொண்டு விளக்கமாகச் சொல்லப் பழகினேன். சொல்லச் சொல்ல அவர் எச்சில் விழுங்குவது எனக்குக் கேட்கும். என் பேச்சுத் திறமையில் எனக்கே பெருமையாக இருக்கும்.

இதற்கிடையில் நான் பெரிய பொறுப்பு ஒன்றிலும் இருந்தேன். மாதா கோயிலில் அத்தைக்கு முன்னால் பூத்தூவிக்கொண்டு நடக்கப்போவது நான்தான். அத்தையின் கவுனுக்கு எடுத்த அதே வெள்ளைத் துணியில் எனக்கும் ஒரு சின்னக் கவுன். முதல் வாரமே இருவருக்கும் அளவு எடுத்தாயிற்று. தினமும் நான் பேப்பரைக் கிழித்துக் கூடையில் போட்டுக்கொண்டு, முன்கூடத்திலிருந்து சமையலறை வரைக்கும் தூவி நடந்து பழகினேன். அம்மா பின்னாலேயே கூட்டிக்கொண்டு வருவார்.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது கவுனைப் போட்டுப் பார்க்கப் போனோம். அத்தையுடைய கவுன் தோளிலிருந்து வழுக்கி விழுந்தது. என்னுடைய கவுனின் சிப் இடுப்போடு நின்றுவிட்டது. அம்மா மூச்சை இழுக்கச் சொன்னார். இழுத்தேன். வயிறு உள்ளே போகவில்லை. தையற்காரப் பெண்மணி அத்தையின் கவுனை இரண்டு பக்கமும் பிடித்து ஊசி குத்திக்கொண்டு, என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் அம்மா சொன்னதுதான் என்னைக் கொன்றது. "மாப்பிள்ளையோட அக்கா மக ஒல்லியா இருக்கா. அவளுக்கு இது சரியா வரும். துணியும் வீணாகாது."

அந்தப் பிள்ளையை நான் ஒரு தரம்தான் பார்த்திருந்தேன். அன்று ஆட்டோவுக்குள் இருந்தபடியே அவளை முழு மனதோடு வெறுத்தேன்.

அன்று மாலை பேக்கரி ஆட்டோ வந்தது. அத்தை வழக்கம்போல இரண்டு மாலுபாண் கொண்டுவந்து வைத்தார். எனக்கு அழுகை வந்தது, பசியும் வந்தது. தட்டை அவர் பக்கம் தள்ளினேன்.

"நீங்க சாப்பிடுங்க அத்தை. நான் பாக்குறேன். மிளகு கூடவான்னு எனக்குச் சொல்லுங்க."

அத்தை முதலில் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார். சட்டென்று எழுந்து என் கையைப் பிடித்து இழுத்தார். "ஒரு கவுனுக்காகப் புள்ளய பட்டினி போடுறதா? எந்த ஊரு நியாயம் இது?" என்று கத்தினார். அதை மூன்று மாதமாக வல்லாரை தின்ற வாய் சொன்னது.

நாங்கள் இருவரும் மறுபடி தையற்காரப் பெண்மணியிடம் போனோம். அவர் சிங்களப் பெண். கொஞ்சம் தமிழ் பேசுவார். என்னை ஒரு தரம், அத்தையை ஒரு தரம் மேலும் கீழும் பார்த்தார். அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"மிஸ் சாப்பிடுறது எல்லாம் இந்தப் பொடி நோனா, சின்ன மிஸ், சாப்பிட்டது, நே? பயம் வேணாம்."

மேசைக்குக் கீழேயிருந்து இரண்டு நீளத் துண்டுகளை எடுத்தார். அத்தையின் கவுனிலிருந்து இரண்டு பக்கமும் அன்றுதான் வெட்டி எடுத்தது. அதை என் கவுனின் இரண்டு பக்கமும் வைத்து ஊசி குத்தினார். சரியாக வந்தது. ஒரு விரல் அகலம் மிச்சம்கூட இருந்தது. அந்த மிச்சத்தைக் கண்டு, திரும்பும் வழியில் எனக்கு ஒரு ரோல்ஸ் வாங்கிக் கொடுத்தார் அத்தை.

கல்யாணத்தன்று கோயிலில் நான் தூவிய பூவைப் பற்றி இன்றைக்கும் யாராவது பேசமாட்டார்களா என்று காத்திருக்கிறேன். அந்த ஒல்லிப் பிள்ளை மூன்றாவது வரிசை வாங்கில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவள் பக்கம் கொஞ்சம் கூடுதலாகவே தூவினேன்.

மத்தியானச் சாப்பாட்டில் என்னைப் பெண்ணுக்குப் பக்கத்திலேயே உட்கார வைத்தார்கள். பிரியாணியும் பொரித்த கோழிக்காலும். அத்தையின் தட்டில் ஒரு கால், என் தட்டில் ஒன்று. என்னுடையதை முடித்துவிட்டு நான் பொறுமையாகக் காத்திருந்தேன். வழக்கப்படி அவருடையது எனக்கு வரவேண்டும். அவரும் அதைக் கையில் எடுத்துவிட்டார். என் தட்டுக்கு மேலே கொண்டும் வந்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளையின் அம்மா வந்து சேர்ந்தார். அத்தையின் தாடையைப் பிடித்து நிமிர்த்தி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னம்மா இது, காய்ச்சலா கெடந்தியா? ஏன் இப்புடி எளச்சுப் போயிட்ட? அன்னைக்கு ஒன்னைப் பாத்துட்டுப் போகையில, கேட்டுப் பக்கத்துல நின்னு என் தங்கச்சிகிட்ட சொன்னேன். பொண்ணு கொஞ்சம் குண்டுதான், அதுதான் எனக்குப் புடிச்சிருக்கு, நல்லா சாப்புடுற வீடு, நம்ம பயலும் அவ கையால சாப்புட்டுத் தேறிடுவான்னு சொன்னேன். இப்ப ரெண்டு பேரையும் நானுல்ல தேத்தணும்!"

அத்தையின் கை அப்படியே நின்றது. மெதுவாக என் பக்கம் திரும்பினார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது, தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று தெரிந்தது. நானும் சிரித்தேன். வாயைத் துடைத்துக்கொண்டு தட்டைக் கொஞ்சம் அவர் பக்கம் நகர்த்தியும் வைத்தேன்.

அந்தக் கோழிக்கால் என் தட்டுக்கு மேலேயிருந்து திரும்பிப் போயிற்று. அத்தை அதைக் கடித்தார். மூன்று மாதத்துக்குப் பிறகு கண்களை மூடிக்கொண்டார்.

"மிளகு சரியா இருக்கு" என்றார்.

வீடு வந்து சேரும்வரை நான் அழுதுகொண்டே வந்தேன். கல்யாணம் ஆனவுடனே அத்தைக்கு என்மேல் இருந்த பாசமெல்லாம் போய்விட்டது என்று அம்மாவிடம் முறையிட்டேன்.