அடுப்புக்குத் தைத்த சட்டை

சாமான்களுக்குச் சட்டை தைக்கிற தொழிலில் ஒரு பெரிய நிம்மதி, அளவெடுக்கும்போது எதுவும் மூச்சை இழுத்து வயிற்றை ஒளிக்காது. ஓட்டோ சீற்றோ, மோட்டார் சைக்கிள் சீற்றோ, உள்ளது உள்ளபடி நிற்கும். ஆரையம்பதியில் குஷன் கடை வைத்திருக்கிற நானும் அந்த நிம்மதியோடுதான் இருந்தேன், மீனும் இறைச்சியும் வாட்டுகிற பாபகியூ அடுப்புகள் வந்து சேரும் வரை.

வாவிக்கும் கடலுக்கும் நடுவில் குடியிருக்கிற உங்களுக்கு நான் எதையும் விளக்கத் தேவையில்லை. கேற்றுக் கொளுக்கி, தண்ணி மோட்டர், சைக்கிள் செயின் என்று வெளியே விட்ட எந்த இரும்பும் உப்புக் காற்றில் கறள் பிடித்து உதிர்வதைப் பார்த்து நீங்களும் பெருமூச்சு விட்டவர்கள்தான். அதை மூடி வைப்பதா, திறந்து விடுவதா என்று உங்கள் வீட்டிலும் ஒரு சண்டையாவது வந்திருக்கும்.

எனக்கு அது சண்டையோடு முடிகிற விஷயமாக இருக்கவில்லை. கட்டாரில் வாகன சீற் தைத்துவிட்டு வந்தவன் நான். வந்த புதிதில், என் மகளுக்கு என்னோடு பேச வேண்டும் என்று தோன்றினால், பக்கத்தில் நிற்கிற என்னை விட்டுவிட்டு அம்மாவின் போனைத் தூக்கிக்கொண்டு வருவாள். அதைப் பார்த்த பிறகு திரும்பிப் போக எனக்கு மனம் வரவில்லை. ஆனால் ஓட்டோ சீற்றை மட்டும் நம்பி வீடு ஓடாது. மாரி முடியும் வரை பார்ப்போம், கடை நிமிர்ந்தால் ஊர், நிமிராவிட்டால் மறுபடி கட்டார் என்று நானும் மனைவி சுபாவும் பேசி வைத்துக்கொண்டோம். அந்த மாரியில் கடையை நிமிர்த்த எனக்குக் கிடைத்த வேலை, அடுப்புக்குச் சட்டை தைப்பது.

விரல் புகாத தையல்

முதலில் வந்தவர் பாசிக்குடா யோகா அக்கா. கடற்கரைக்குக் கிட்ட நாலைந்து அறைகளோடு ஒரு சின்ன விடுதி நடத்துகிறார். பெரிய ஹோட்டல்களுக்கு நடுவில் அவரிடம் ஆட்கள் வருவதற்கு ஒரே காரணம், முற்றத்தில் நிற்கிற அந்த இரும்பு அடுப்பு. பாரை மீனும் கணவாயும் அதில் வாட்டிக் கொடுத்தால், ஒரு இரவுக்கு வந்தவர்கள் இரண்டு இரவு நிற்பார்களாம். மாரிக்கு விடுதியில் ஆள் இராது, அடுப்பு மட்டும் மழையில் நிற்கும். "மூடுறதா, விடுறதா தம்பி? அடுப்புச் செஞ்ச வெல்டிங்காரர் விடச் சொல்றார். ஹோட்டல்காரங்க மூடச் சொல்றாங்க" என்று என்னிடம் கேட்டார். தையல்காரனிடம் கேட்டால் என்ன சொல்வான், மூடச் சொன்னேன்.

சீற் வேலையில் எங்களுக்கு ஒரு கர்வம் உண்டு. மாட்டிய உறைக்கும் சீற்றுக்கும் நடுவில் விரல் புகக்கூடாது. சுருக்கம் விழுந்தால் ஓட்டோக்காரர்கள் சந்தியில் வைத்துச் சிரிப்பார்கள். அந்தக் கர்வத்தை அப்படியே அடுப்புக்கும் கொண்டுபோனேன். வெளியே தடித்த ரெக்சின், உள்ளே துணி, தலையிலிருந்து தரை வரை ஒரே இறுக்கம், அடியில் சுற்றிவரக் கயிறு. மாட்டிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தபோது எனக்கே என் கையைப் பிடித்துக் குலுக்க வேண்டும் போல இருந்தது. யோகா அக்கா அதைச் சுற்றி ஒரு நடை நடந்து, பக்கத்து விடுதிக்காரர்களையும் கூப்பிட்டுக் காட்டினார். அவர்களும் அங்கேயே ஓடர் தந்தார்கள். நான் புறப்படும்போது அக்கா சொன்னார்: "நல்லா இரிக்கி தம்பி. இதுக்குள்ள இனி நுளம்பும் போகாது, காத்தும் போகாது."

இறைச்சிக்கு முந்தியது

காத்தான்குடியில் அண்ணனைக் காக்கா என்பார்கள். அங்கே றசீன் காக்காவுக்குச் சவூதியிலிருந்து மச்சான் வந்திருந்தார். வீட்டு முற்றத்தில் அடுப்பு மூட்டி விருந்து. கோழி பாதி வெந்துகொண்டிருக்கும்போது மாரியின் முதல் மழை கொட்டத் தொடங்கியது. வீட்டில் எல்லோரும் இறைச்சியைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓட, காக்கா மட்டும் அடுப்பைக் காப்பாற்ற நின்றிருக்கிறார். நான் தைத்துக் கொடுத்த புதுக் கவரை எடுத்து, தணல் இருக்கும்போதே அதன் தலையில் கவிழ்த்து, கயிற்றையும் இறுக்கிக் கட்டிவிட்டார்.

அடுத்த நாள் அடுப்பை வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு கடைக்கே வந்தார். ரெக்சின் உருகி, மூடியில் கறுப்புக் களியாக ஒட்டியிருந்தது. மணம் வீதிக்குப் போனது. சூடு ஆறிய பிறகுதான் மூட வேண்டும் என்று நான் சொல்லியிருக்க வேண்டுமா, அவருக்குத் தெரிந்திருக்க வேண்டுமா என்று இரண்டு பேருக்கும் புரியவில்லை. ஏச்சு வாங்கத் தயாராக நின்றேன். காக்கா வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார். "கவர் நல்ல கவர்தான் தம்பி. இறைச்சிய விடச் சுறுக்கா வெந்திட்டு."

உள்ளே பெய்த மழை

எங்கள் ஊர்க்காரர் ஒருவர் கனடாவிலிருந்து வந்து பழைய வீட்டைத் திருத்திக்கொண்டிருக்கிறார். ஊரே அவரைக் கனடா மாமா என்றுதான் கூப்பிடும். அங்கே பனிக்காலம் முழுக்க அடுப்பை மூடியே வைத்திருப்பாராம், அடுத்த கோடைக்குப் புதிது மாதிரி இருக்குமாம். அதே பழக்கத்தில் இங்கேயும் ஒரு அடுப்பு வாங்கி, என்னிடம் கவர் தைப்பித்து, மூடிக் கட்டிவிட்டுக் கொழும்புக்குப் போனார். மழை நாட்களெல்லாம் போய், தை வெயில் எட்டிப் பார்க்கிற நேரத்தில் திரும்பி வந்து என்னைக் கூப்பிட்டார்.

கயிற்றை அவிழ்த்துக் கவரைத் தூக்கினேன். உள்ளேயிருந்து வெதுவெதுப்பாக ஒரு காற்று முகத்தில் அடித்தது, ஈரச் சாக்கு மணம். கவரின் உள்பக்கம் முழுக்கத் தண்ணீர் முத்து முத்தாக நின்றது. அடுப்பின் மூடி, கால், கம்பி எல்லாம் செங்கல் நிறத்தில் கறள். தையலைத் தடவிப் பார்த்தேன், ஒரு சொட்டும் வெளியிலிருந்து வந்திருக்க வழியில்லை. ஈர நிலத்திலிருந்து ஆவி எழும்பியிருக்கிறது, அது வெளியே போக நான் ஒரு ஓட்டையும் விடவில்லை. விரல் புகாத என் தையல் அடுப்பை உயிரோடு அவித்திருக்கிறது. மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு நிதானமாகச் சொன்னார்: "மழை வெளியில பெய்யல்ல தம்பி. நீ தைச்ச கவருக்குள்ளதான் பெஞ்சிரிக்கி."

எடுக்காத போன்

அந்தக் கணத்தில் எனக்குக் கனடா மாமாவின் அடுப்பைப் பற்றிய கவலை பறந்துவிட்டது. பாசிக்குடாவில் யோகா அக்காவின் அடுப்பு, அதே ரெக்சின், அதே இறுக்கம், அதே மாரி. சீசன் தொடங்குகிறது. வருகிற சனிக்கிழமை கொழும்பிலிருந்து ஒரு குடும்பம் விடுதி முழுவதையும் எடுத்திருக்கிறது, கேட்டதே பாபகியூ சாப்பாட்டுக்காக என்று அக்கா முன்னமே சொல்லியிருந்தார். அடுப்பு போனால் அவருக்கு அந்தச் சீசனும் போகும். அவரைப் பார்த்து ஓடர் தந்த விடுதிகள் எல்லாம் தங்கள் கவரையும் தூக்கிப் பார்க்கும். பிறகு என் கடைப் பக்கம் யார் வருவார்?

யோகா அக்காவுக்குப் போன் எடுத்தேன், மணி போனது, அவர் எடுக்கவில்லை. பின்னேரம் எடுத்தேன், இல்லை. அடுத்த நாளும் இல்லை. சண்டை போடுகிற அளவுக்குக் கூட அவருக்கு என் குரல் பிடிக்கவில்லை என்று முடிவுகட்டினேன். கட்டார் ஏஜென்சிக்காரர் மட்டும் நேரம் பார்த்துக் கூப்பிட்டுப் பாஸ்போட்டைக் கொண்டு வரச் சொன்னார். அலுமாரியைத் திறந்து அதை எடுத்து மேசையில் வைத்தேன். நான் பயந்துபோய்விட்டேன், வேறு மாதிரிச் சொல்லி என்ன பயன். மகள் வந்து மேசையில் கிடந்ததைப் புத்தகம் என்று புரட்டினாள். சுபா அதை அவள் கையிலிருந்து வாங்கி என் முன்னால் வைத்தாள். "முதல்ல அக்காட கவரத் தொறந்து பாருங்க, மறுகா பயப்பிடலாம்."

அடை கிடந்தது

சனிக்கிழமைக்கு முதல் நாள் விடிய, கம்பித் தூரிகை, அரத்தாள், தேங்காய் எண்ணெய், சூட்டுக்குத் தாங்குகிற கறுப்புப் பெயின்ற் எல்லாவற்றையும் மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு புறப்பட்டேன். கல்லடிப் பாலத்தில் வாவி பளபளவென்று கிடந்தது, எனக்கு அதைப் பார்த்தும் எரிச்சல்தான் வந்தது. ஏறாவூர் தாண்டி, கல்குடா றோட்டில் திரும்பிப் பாசிக்குடா போய்ச் சேரும் வரை, என்ன சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று வாய்க்குள் பேசிப் பார்த்துக்கொண்டே போனேன்.

என்னைக் கண்டதும் யோகா அக்காவின் முகம் மாறியது. "தேத்தண்ணி குடிங்க முதல்ல" என்று வழியை மறித்தார். நான் நிற்கவில்லை, நேரே முற்றத்துக்குப் போனேன். என் கவர் நின்ற கோலத்தைக் கண்டு அப்படியே நின்றுவிட்டேன். அடிப்பாகம் முழங்கால் உயரத்துக்குச் சுருட்டிக் கட்டப்பட்டு, கீழே கல் வைத்திருந்தது. இரண்டு பக்கமும் கத்தரிக்கோலால் வெட்டிய சதுர ஓட்டை, ஒன்றுக்கொன்று அளவும் சரியில்லை. கவரைத் தூக்கக் கை வைத்தேன், உள்ளேயிருந்து விரலில் ஒரு கொத்து விழுந்தது. கரி போடுகிற கீழ்த்தட்டில் மணல், வைக்கோல், அதன் மேல் சிலிர்த்துக்கொண்டு ஒரு சிவப்புக் கோழி. செட்டைக்குக் கீழே குஞ்சுகள் கீச்சிட்டன.

கோழியைப் பார்க்கிற நிலையில் நான் இல்லை. மூடியைத் தடவினேன், காய்ந்திருந்தது. கம்பியைத் தடவினேன், காய்ந்திருந்தது. அடுப்பின் ஒரு காலில் மட்டும் விரலளவு கறள், அதை அரத்தாள் இரண்டு இழுப்பில் எடுத்துவிட்டது. மாரி முழுக்க அந்த ஓட்டைகளால் கடல் காற்று ஒரு பக்கம் நுழைந்து மறு பக்கம் போயிருக்கிறது, மேலே மழை மட்டும் நின்றிருக்கிறது. அந்த ஈர மணலிலேயே உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பும் வந்தது, கண்ணும் நனைந்தது. அக்காவுக்கு அது கோபமாகத் தெரிந்திருக்க வேண்டும். மாரி தொடங்கிய நாளிலிருந்து கோழி முட்டையிடவும் அடை வைக்கவும் வேறு நனையாத இடம் இருக்கவில்லை என்றும், கோழிக்கு மூச்சு முட்டும் என்றுதான் வெட்டினேன் என்றும் படபடவென்று சொல்லிவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு முடித்தார்: "இவ்வளவு வடிவாத் தைச்சத வெட்டிப்போட்டன், நீங்க ஏசுவீங்க எண்டுதான் போனும் எடுக்கல்ல."

ஜன்னல்

கோழிக் குடும்பம் கூடைக்கு மாறியது. சனிக்கிழமை இரவு பாரை மீன் வெந்து, கொழும்புக் குடும்பம் ஞாயிறும் நிற்கப்போவதாகச் சொன்னது. அக்கா வெட்டிய இடங்களுக்கு நான் நுளம்பு வலை வைத்து, மேலே ஓட்டோவின் மழைத்திரை மாதிரி ஒரு மடிப்புத் தொங்கவிட்டு, அடியை ஒரு சாண் உயர்த்தித் தைத்துக்கொடுத்தேன். இனி மற்ற விடுதிகளுக்கு ஒவ்வொன்றாகப் போய் உண்மையைச் சொல்லி, கறளைச் சுரண்டி, கவரை வெட்டித் தர வேண்டும் என்று மனதைத் திடப்படுத்திக்கொண்டேன். அதற்கு முன்னமே பக்கத்து விடுதிக்காரர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். மாற்றித் தைத்த கவரை மேலும் கீழும் கண்ணால் அளந்தார். குரலில் உண்மையான மனத்தாங்கல். "அவங்களுக்கு ஜன்னல் வச்சுத் தந்திரிக்கீங்க, எங்களுக்கு மட்டும் ஏன் வைக்கல்ல?"

அவருடையதில் கறள் இருந்தது, சுரண்டினேன், ஜன்னல் வைத்தேன், மற்றவர்களுக்கும் வைத்தேன். இப்போது கவர் கேட்டு வருகிறவர்கள் ஜன்னல் வைத்ததையே கேட்கிறார்கள். றசீன் காக்காவும் மன்னித்து ஒன்று கொண்டுபோனார். பாஸ்போட் அலுமாரிக்குத் திரும்பிவிட்டது, மகள் பேச வேண்டுமென்றால் போனைத் தேடாமல் என் சட்டையைப் பிடித்து இழுக்கிறாள்.

ஊசியும் நூலுமாகக் கடல் கடந்து தொழில் பழகி வந்தவனைக் கடைசியில் ஊரோடு இருத்தி வைத்தது, அடுப்புக்குள் அடை கிடந்த ஒரு சிவப்புக் கோழி.