சண்டை போட்டுச் செய்த ரப்பர் விரிப்பு

போன திங்கட்கிழமை ஆயர் ஈத்தாம் போகும் டிராமில் ஒரு நண்பர் என்னை மடக்கினார். "என்னய்யா, உங்க ரப்பர் பட்டறையில எந்நேரமும் சத்தமாமே? சீனத் தவ்கே ஒருத்தரு, ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தங்க... நம்ம ஆளுங்க போதாதா?"

போதும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

பட்டறையைத் தொடங்கியது நானும் சவரிமுத்துவும். ஒரே பள்ளிக்கூடம், ஒரே பெஞ்சு, ஒரே மாதா கோயில். ரப்பர் விலை விழுந்து கிடந்த நேரம். ரப்பரைத் துணியில் பூசி ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு விரிப்பு செய்தால் என்ன? சவரி ரசாயனம் படித்தவன். அவன் சொன்னது எனக்குச் சரி. நான் சொன்னது அவனுக்குச் சரி. சடுதியில் சரக்கு தயார்!

அதே வேகத்தில் திரும்பியும் வந்தது.

கொண்டுவந்தவர் தலைமை நர்ஸ் தெரேசாக்கா. மடித்திருந்த விரிப்பை எங்கள் மேசைமேல் வைத்து இழுத்தார். பிரியவில்லை... கிழிந்தது. "தம்பி, இது ஒரு அம்மா முதுகுல ஒட்டிக்கிச்சு. எடுக்கறப்ப தோலும் சேர்ந்து வந்துடுச்சு. அவங்க கத்தின கத்தல் இருக்கே..."

பட்டறையை மூடிவிடலாம் என்றேன். சவரி கேட்கவில்லை. "மூட வேணாம்டா. நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே மூளை. வேற மூளை வேணும்."

தெரேசாக்காவையே கூப்பிட்டோம். ரப்பர் செருப்பு செய்யும் சீன முதலாளி லிம் தவ்கேயைக் கூட்டுச் சேர்த்தோம்.

அப்புறம் சத்தம்தான்!

ரப்பர் ஒட்டாமல் இருக்கக் கந்தகத்தைக் கூட்டலாம் என்றான் சவரி. "நாத்தம் யாரு தாங்கறது?" என்று பாய்ந்தார் அக்கா. "மேசையில வச்சுப் பார்த்தா போதுமா? வார்டுல மருந்துத் தண்ணி ஊத்திக் கழுவுவோம், ஈரத்தோட மடிப்போம்." தவ்கே எங்கள் துணியைத் தடவிவிட்டு, "தா போலே லா!" என்று கையை விரித்தார். ஆகாதாம், மெல்லிய துணியில் இரண்டு பக்கமும் பூச வேண்டுமாம். அவர் கொண்டுவந்த துணியோ முதல் கழுவலிலேயே சுருங்கியது. கோபித்துக்கொண்டு போனவர், துணியை முன்னதாகவே நனைத்துக் காயவைத்து எடுத்துக்கொண்டு திரும்பி வந்தார். சவரி கந்தகத்தைக் குறைத்து, சூட்டில் கூடுதல் நேரம் வைத்தான். அக்கா? ஒவ்வொரு துண்டையும் கழுவி, மடித்து, கடைசியில் தன் கையிலேயே சுற்றிக்கொண்டு படுத்துப் பார்த்த பிறகுதான் தலையாட்டினார்.

மாதக்கணக்கில் உழைத்து ஒரே ஒரு சரக்கு. ஆனால் ஒட்டவில்லை, கிழியவில்லை, திரும்பி வரவில்லை. இப்போது பட்டர்வொர்த் ஆஸ்பத்திரியிலிருந்தும் கேட்கிறார்கள்.

நாலு பேரைக் கூட்டிவிட்டால் போதுமா? போதாது. நாலு பேரும் வேறு வேறு இடத்தில் சூடுபட்டவர்களாக இருக்க வேண்டும். நம் முகத்துக்காகப் பேசாதவர்களாகவும் இருக்க வேண்டும்.

ஒரே மாதிரி ஆட்கள் சீக்கிரம் ஒத்துப்போவார்கள் — சரக்குதான் ஒத்துவராது!