வயர் அறுந்த வால்வு

கதை விடுகிறான் என்று தோன்றினால் இப்போதே எழுந்து போய்விடலாம், எனக்கு வருத்தமில்லை. வேறு யாராவது சொல்லியிருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன். நான் ஒரு சந்தேகப் பிராணி. புது வாட்ச் வாங்கினால்கூட ஒரு வாரம் பழைய வாட்சோடு ஒப்பிட்டுப் பார்ப்பேன். “உங்க நிழலையே நீங்க நம்ப மாட்டீங்க” என்பாள் மனைவி. அப்படிப்பட்ட நான்தான் சொல்கிறேன். இது நடந்தது. என் ஒர்க்‌ஷாப்பில், என் கண் முன்னால்.

ஞாயிற்றுக்கிழமை, மாலை ஐந்தரை. வேலையாட்கள் யாரும் வரவில்லை. வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது. தங்கையின் கணவர் தன் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். வாங்கி ஒரு மாதம்தான் ஆகிறது. பழைய கார், ஆனால் விலை கொள்ளை மலிவு. மலிவு என்றாலே எனக்கு எங்கோ இடிக்கும்.

“இன்ஜின் லைட் எரியுது மச்சான். அதை மட்டும் அணைச்சு விட்டுடுங்க. ஏழு மணிக்குக் கிளம்பணும்.”

“யார் யாரு?”

“நான், உங்க தங்கச்சி, பாப்பா. எங்க அம்மா வீட்டுக்கு. மூணு மணி நேர ஓட்டம்.”

“வண்டிய யார்கிட்ட வாங்குனீங்க மாப்ள?”

“தெரிஞ்ச புரோக்கர்தான்.” என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

காரின் கோளாறைக் காட்டும் ஸ்கேனரை மாட்டினேன். பெட்ரோல் டேங்கில் எழும் ஆவி வெளியே போகக் கூடாது. கரி நிரப்பிய ஒரு டப்பா அதைப் பிடித்து வைக்கும். அந்த டப்பாவுக்குக் காற்று விட, டேங்க் பக்கத்தில் கரண்டில் இயங்கும் ஒரு சின்ன வால்வு உண்டு. அதற்குப் போகும் வயர் அறுந்திருக்கிறது என்றது ஸ்கேனர். பயப்படுகிற விஷயமே இல்லை. ஒரு பட்டனைத் தட்டினால் லைட் அணைந்துவிடும். கொஞ்ச நாள் தாங்கும். முக்கால்வாசிப் பேர் அதைத்தான் செய்வார்கள்.

தங்கை கைக்குழந்தையோடு போகிற வண்டி. எனக்கு மனசு கேட்கவில்லை.

காரை லிஃப்டில் தூக்கிவிட்டுக் கீழே போய் நின்றேன். வால்வை ஸ்கேனரிலிருந்தே இயக்கிப் பார்க்கலாம். தட்டினால் ‘டக்’ என்று ஒரு சத்தம் வரும். வயர் அறுந்திருந்தால் வராது. தட்டினேன்.

டக்.

எனக்குச் சிரிப்பு வந்தது. வயர் அறுந்திருக்கிறதாம், வால்வும் வேலை செய்கிறதாம். ரெண்டில் ஒன்று பொய் சொல்கிறது. வால்வின் மேல் விரலை வைத்துக்கொண்டு மறுபடி தட்டினேன்.

டக்.

விரலுக்கடியில் வால்வு அசையவில்லை. சத்தம் மட்டும் வந்தது. மேலேயிருந்து…

வால்வின் கனெக்டரையே கழற்றிவிட்டேன். மீட்டர் வைத்துப் பார்த்தேன். வயரில் பொட்டுக் கரண்ட் இல்லை. மணி ஆறு பத்து. தட்டினேன்.

டக்.

மாப்பிள்ளை விளையாடுகிறார் என்றுதான் நினைத்தேன். எட்டிப் பார்த்தால், அவர் வாசலில் நின்று போன் பேசிக்கொண்டிருந்தார். ஒரு கையில் போன், மறு கையில் குடை.

ஸ்கேனரை மேஜையில் வைத்தேன். இப்போது நான் எதையும் தட்டவில்லை.

டக்… டக்… டக்…

டிக்கிக்குள்ளிருந்து.

காரை இறக்கினேன். டிக்கியைத் திறந்தேன். காலி. ஆனால் தரைவிரிப்பு மட்டும் புத்தம் புதுசு. பத்து வயசுக் காருக்கு யார் புது விரிப்பு போடுவார்கள்?

விரிப்பைத் தூக்கினேன். ஓரத்தில் மூன்று வயர்கள் அறுந்து கிடந்தன. எலி கடித்திருந்தால் பல் தடம் இருக்கும். கத்தி பட்டிருந்தால் நேராக வெட்டுப்பட்டிருக்கும். இவை பிய்த்து இழுக்கப்பட்டிருந்தன. வயரைச் சுற்றியிருந்த டேப்பில் நகக் கீறல்கள். பக்கத்துத் தகட்டில் ஒரே இடத்தில் பெயிண்ட் பெயர்ந்து, சின்னச் சின்னக் குழிகள்.

“மாப்ள, இந்த வண்டில என்ன நடந்துச்சு?”

“என்ன நடக்கும்? நீங்க எதைத்தான் நம்புனீங்க! சீக்கிரம் முடிங்க மச்சான், அவ காத்துட்டிருப்பா.”

வயர்களைச் சேர்த்துப் பற்ற வைத்தேன். இறுக்கி டேப் சுற்றினேன். காரை மறுபடி தூக்கி, கனெக்டரை மாட்டித் தட்டினேன். டக். இந்தத் தடவை வால்வு விரலுக்கடியில் துள்ளியது. காரை இறக்கி லைட்டை அணைத்தேன். அப்பாடா என்றிருந்தது.

மாப்பிள்ளை பின்சீட்டில் இருந்த இரண்டு பைகளை எடுத்து டிக்கியில் வைத்து மூடினார். சாவியைப் போட்டு இன்ஜினைக் கிளப்பினார்.

ஆறு ஐம்பது.

டக்… டக்… டக் டக் டக்…

மாப்பிள்ளையின் முகம் வெளுத்தது. அவருக்கும் கேட்டிருக்கிறது.

லைட் எரிந்தது.

திறந்தோம்.

இரண்டு பைகளும் ஓரமாகத் தள்ளப்பட்டிருந்தன… நடுவில் ஓர் ஆள் படுக்கிற அளவுக்கு இடம்.

வயர் மறுபடி பிய்ந்திருந்தது.

நான் இன்ஜினை அணைத்துச் சாவியைப் பிடுங்கினேன். “என் தங்கச்சி இதுல ஏற மாட்டா.” மாப்பிள்ளை பைகளை எடுத்து என் காரில் வைத்தார். அன்று என் காரில்தான் மூன்று பேரும் போனார்கள்.

போகும் முன் மென்று விழுங்கிச் சொன்னார். “முன்னாடி ஓட்டுனவர் இறந்துட்டார்னு மட்டும் சொன்னாங்க மச்சான். அதான் மலிவுன்னு…”

மறுநாள் புரோக்கரைப் பிடித்தேன். சட்டையைப் பிடிக்காத குறை. கடைசியில் கக்கினான். முன்பு அது வாடகைக் கார். ஏறிய இரண்டு பேர் டிரைவரின் வாயையும் கையையும் கட்டி, டிக்கியில் போட்டுக் காரைக் கடத்தியிருக்கிறார்கள். அந்த மனுஷன் விரலுக்கு எட்டிய வயரையெல்லாம் பிய்த்திருக்கிறார். வண்டி பழுது என்று லைட் எரிந்தால் எங்காவது நிறுத்துவார்கள், யாராவது பார்ப்பார்கள் என்று. மோதிரத்தால் தகட்டைத் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறார். கண்டெடுத்தபோது உயிர் இல்லை.

அவர் போட்ட கணக்கு தப்பவில்லை. லைட் எரிந்தது. அவர்களும் ஒரு ஒர்க்‌ஷாப்பில் நிறுத்தினார்கள். “லைட்டை மட்டும் அணைச்சு விட்டுடுங்க” என்றார்களாம். அந்த மெக்கானிக் ஸ்கேனரை மாட்டி, அணைத்து, அனுப்பிவிட்டார்.

பிறகு கோர்ட்டில் அவர் சொன்னது இது. “பின்னாடி டக் டக்னு சத்தம் கேட்டுச்சுங்க. வால்வு சத்தம்னு நெனச்சேன்.”

வயர் அறுந்த வால்வு சத்தம் போடாது.