மூன்றாவது தூணடி மணல்

புதுக்கோட்டை ராஜாவின் சமஸ்தானம் போய் ஏழெட்டு வருஷம் ஆகியிருக்கும். அப்போது நான் ரோடு மேஸ்திரி. எங்கள் ஊருக்குக் கிழக்கே இருந்த காட்டாற்றுப் பாலமும் என் பொறுப்பு. வருஷத்தில் பத்து மாதம் அந்த ஆறு வெறும் மணல்தான். இதற்கு எதற்கு இத்தனை பெரிய பாலம் என்று கேலி பேசாதவர் இல்லை.

கோடையில் ஒரு நாள் புதுக்கோட்டையிலிருந்து ஓவர்சியர் வருவார். கைப்பிடிச் சுவரிலிருந்து ஒவ்வொரு தூணருகிலும் கல் கட்டிய கயிற்றை இறக்கி, மணல் எத்தனை ஆழத்தில் இருக்கிறது என்று அளப்போம். போன வருஷ அளவுதான் இந்த வருஷமும் இருக்கும். 'தூணடி நலம்' என்று நான் எழுத, அவர் கையெழுத்துப் போடுவார். அளந்ததைத்தான் எழுதினேன். இதை எத்தனையோ பேரிடம் சொல்லிவிட்டேன்.

என் மனைவி அந்த ஆற்றில் ஊற்றுத் தோண்டித்தான் குடிதண்ணீர் எடுப்பாள். ஒரு நாள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, "என்னங்க, மத்த எடத்துல ரெண்டு முழம் தோண்டுனாலே அடிக் களிமண்ணு தட்டுது. மூணாவது தூணுகிட்ட ஆள் ஒசரம் தோண்டியும் தட்டலைங்க. மணலு பொலபொலன்னு சரியுது" என்றாள்.

"நல்லதாப் போச்சு, தண்ணி சீக்கிரம் ஊறும்ல. பாலம் கட்டுனவன் ஒனக்குன்னே கட்டியிருக்கான்" என்றேன். அவளும் சிரித்தாள்.

அந்த ஐப்பசியில் மூன்று நாள் விடாத மழை. மூன்றாம் நாள் காலை ஆறு இரு கரையையும் தொட்டு ஓடியது. நான் பாலத்து முனையில் நின்றிருந்தேன். என் மனைவியின் அண்ணன் கடலை மூட்டைகளோடு வண்டி ஓட்டி வந்து நிறுத்தினார்.

"ஆறு உறுமுதே. போலாமா மாப்ள?"

"தாராளமாப் போங்க மச்சான். அளந்த பாலம்."

வண்டி நடுவில் போகும்போது மூன்றாவது தூண் அப்படியே செங்குத்தாகக் கீழே இறங்கியது. அதோடு பாதையும் மாடுகளும் வண்டியும் அவரும் போனார்கள். நான் குடையைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தேன். மறுநாள் இரண்டு மைல் தள்ளி ஒரு தாழம்புதரில் அவரை எடுத்தோம். எனக்கு அழுகை வரவில்லை. எல்லோரும் அதைக் கவனித்தார்கள்.

விசாரணைக்கு வந்த எஞ்சினியர் விளக்கினார். வெள்ளம் வரும்போது தூணைச் சுற்றி அடிக்களியையும் அரித்து ஆறு பள்ளம் பறிக்குமாம். வடியும்போது அதே பள்ளத்தில் மணலைக் கொட்டி மட்டமாக்கிவிட்டுப் போகுமாம். வருஷா வருஷம் நாங்கள் அளந்தது அந்த மேல்மணலைத்தான். தலையாட்டினேன். என் மேல் தப்பில்லை என்று அவர் எழுதிக்கொண்டார். என் மனைவி சொன்னதை நான் அவரிடம் சொல்லவில்லை.

அவளும் யாரிடமும் சொல்லவில்லை. என்னிடம்கூட அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எடுத்துத் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

அடுத்த கோடையில் அவள் வழக்கத்தைவிட வெகுநேரம் கழித்துத் தண்ணீரோடு வந்தாள். கேட்டேன்.

"இன்னிக்கு எங்கிட்டுத் தோண்டுன?"

"களி தட்டுற எடத்துலதாங்க" என்று சொல்லிவிட்டு, குடத்தைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.