அண்ணனின் குயில் கட்டுரை தபாலில் போகாத கதை

அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய ஒரே தங்கையின் வணக்கம். துக்கத்துக்கு வந்தவர்களில் சிலர் என் காதுபடவே, "அத்தன படிச்சும் பொழைக்கத் தெரியாத மனுசன்" என்றார்கள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. ஆனால் காரணம் தெரிந்த ஒருத்தி இருந்துகொண்டு வாயைத் திறக்காமல் இருப்பது நியாயமாகாது.

அண்ணன் வெண்ணந்தூரில் பிறந்தார். மழை பொய்த்த வருடங்களிலும் தகப்பனார் அவரைச் சேலத்திலும் பிறகு பட்டணத்திலும் படிக்க வைத்தார். பிராணி சாஸ்திரத்தில் பட்டம் வாங்கி வந்தவர், உத்தியோகம் தேடாமல் பறவைகளின் பின்னால் அலைந்தார். எந்தப் பறவை எப்போது கூடு கட்டுகிறது, எத்தனை முட்டை இடுகிறது, எந்தக் குரலுக்கு எது பதில் கொடுக்கிறது என்று நோட்டு நோட்டாக எழுதினார். "பி.ஏ. படிச்சுப்போட்டுக் குருவி மேய்க்கறான்" என்று தகப்பனார் தலையில் அடித்துக்கொள்வார்.

பதினாறு வயதில் நான் வெள்ளைச் சேலையோடு பிறந்த வீடு திரும்பினேன். வாசற்படி தாண்டக் கூடாது என்பது தகப்பனாரின் உத்தரவு. சோளம் கொட்டி வைக்கும் உள்ளறையை எனக்கு ஒதுக்கினார்கள். அதற்கு ஜன்னல் கிடையாது. கிணற்றில் விழலாம் என்றால் கிணற்றடிக்குப் போகவும் அனுமதி இல்லை.

ஆடி மாதத்தில் ஒருநாள் அண்ணன், காக்கைக் கூட்டிலிருந்து எடுத்த குயில் குஞ்சு ஒன்றைக் கூண்டில் வைத்துக் கொண்டு வந்தார்.

"குயிலக் காக்காதான வளத்துது? அப்பறம் அது குயிலாட்டக் கூவறதுக்கு யாரு சொல்லித் தாராங்க? மத்த குயிலக் கேட்டுப் பழகுதா, தானா வருதான்னு பாக்கோணும். இந்த ஊட்டுல வெளிச்சத்தம் வராத எடம் உன்ற அறைதான் சாமி."

விடையோடு கட்டுரை வந்தால் ஆராய்ச்சி வேலை தருவதாகப் பட்டணத்துப் பேராசிரியர் எழுதியிருந்தார். "வேல கெடச்சா உன்னையும் கூட்டிட்டுப் போயி வாத்தியாரம்மாவுக்குப் படிக்க வெக்கறேன். அதுவரைக்கும் பாடாத, கூவாத" என்றார் அண்ணன். சரியென்று தலையாட்டினேன்.

வாழைப்பழமும் ராகிக் களியும் ஊட்டி வளர்த்தேன். கன்னங்கரேலென்று ஆண் குயிலாக வளர்ந்தது. ஐந்தாறு மாதம் அந்த இருட்டில் நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு கிடந்தோம். என்னோடு பேச அந்த வீட்டில் யாருக்கும் மனமில்லை. அடுப்படியில் என் நிழல் பட்டாலே ஆத்தாள் முகம் சுளிப்பாள். தை மாதத்தில் ஒரு மதியம், எல்லோரும் கண்ணயர்ந்த நேரம், என்னையறியாமல் மெல்லக் கூவிவிட்டேன். குயில் தலையைச் சாய்த்துக் கேட்டது. என் குரலையும் ஒரு உயிர் கேட்கிறதே என்று எனக்கு அழுகை வந்தது. பத்து நாள் போலக் கூவினேன்.

மாசியில் குயில் கூவியது. அண்ணன் சின்னப் பிள்ளை மாதிரி துள்ளினார். நாலே நாளில் கட்டுரை எழுதி உறையில் போட்டு ஒட்டினார். நான் கூவியது அவருக்குத் தெரியாது. சொன்னால் அவருடைய வேலையும் போகும், என் படிப்பும் போகும். சொல்லாவிட்டால் ஊர் ஊராக அவர் ஒரு பொய்யைச் சுமந்து திரிவார், அது பொய்யென்று தெரியாமலே. அவர் சட்டை மாட்டிக்கொண்டு தபாலாபீசுக்குக் கிளம்பியபோது உள்ளிருந்து கூப்பிட்டேன்.

"ஏனுங்ணா, அது கூவறதுக்கு முன்னாலயே நான் கூவிப்போட்டனுங்க."

அடிப்பார் என்று நினைத்தேன். அவர் தரையில் உட்கார்ந்து பென்சிலை எடுத்தார். "எத்தன நாளு கூவுன? எந்நேரத்துல? அது எதாச்சும் பதில் குடுத்துதா?" எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். பிறகு உறையைக் கிழித்தார். "இந்தக் குயில் ஆகாது சாமி. அடுத்த வருசம் இன்னொண்ணு பாக்கலாம்."

பேராசிரியர் அதுவரை காத்திருக்கவில்லை. வேலை வேறொருவருக்குப் போயிற்று. அண்ணன் ராசிபுரத்தில் பள்ளிக்கூட வாத்தியாரானார். தகப்பனார் காலமான பிறகுதான் என்னை அங்கே அழைத்துக்கொள்ள முடிந்தது. அதற்குள் பத்து வருடம் ஓடிவிட்டது. வீட்டுக்கு வரும்போதெல்லாம் அந்த அறையில் உட்கார்ந்து அவர் சொல்லிக்கொடுத்த எழுத்தில்தான் இதை எழுதுகிறேன்.

போன வருடம் விஷக்காய்ச்சல் கண்டு பன்னிரண்டு நாள் படுக்கையில் கிடந்தார். வண்டி கட்டிக்கொண்டு தினமும் வந்து பார்த்த டாக்டருக்கும், முறைபோட்டுக் கண்விழித்த சக ஆசிரியர்களுக்கும், தோள் கொடுத்த பங்காளிகளுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அண்ணனுக்குத்தான் நான் இன்னும் நன்றி சொல்லவில்லை.

முதல் குயிலுக்கு அடுத்த ஆடியில், சொன்னபடியே அண்ணன் இரண்டாவது குஞ்சைக் கொண்டு வந்தார். இம்முறை முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு வளர்த்தேன். மாசியில் அதுவும் கூவியது. யாரும் சொல்லித் தராமல், பிசிறில்லாமல். முதல் கட்டுரையில் அவர் எழுதியிருந்தது அத்தனையும் சரி. நான் வீணாகக் கெடுத்துவிட்டிருந்தேன்.

"நான் கூவாம வாய மூடிட்டு இருந்திருந்தா நீங்க இந்நேரம் மெட்ராசுல இருந்திருப்பீங்க" என்று அழுதேன்.

"இருந்திருப்பேன், செரி" என்றார் அண்ணன். "நீ இந்த அறையில உசுரோட இருந்திருப்பியா சாமி?"