டாக்டரம்மாவுக்கும் இழுக்கும்

போடியில் அந்த டாக்டரம்மாவிடம் பிள்ளையைக் கொண்டு போகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்வது, தலையில் பூ வைத்துக்கொண்டு உள்ளே போகக்கூடாது என்பதைத்தான். பலகையெல்லாம் எதுவும் இல்லை. சீட்டுக் கொடுக்கும் ஆயா மல்லிகையைக் கண்டால், "ஆத்தா, அதக் கழட்டி இங்கன வச்சுட்டுப் போ" என்பாள். உள்ளே முருகன் காலண்டர் உண்டு, ஊதுபத்தி கிடையாது. டாக்டரம்மா எப்போதும் ஜன்னலை ஒட்டியே உட்கார்ந்திருப்பார். பேசும்போது பாதி வாக்கியத்தில் நிறுத்தி, பிறகு மிச்சத்தைச் சொல்வார். பிள்ளைக்கு என்ன ஆகுமோ என்று பயந்துகொண்டு போன நான், இதையெல்லாம் ஏன் கவனித்துக்கொண்டிருந்தேன் என்று தெரியவில்லை. பயத்தில் கண் எங்கேயாவது ஒட்டிக்கொள்ளப் பார்க்கும் போலிருக்கிறது.

எழுபதுகளின் கடைசி அது. எனக்கு இருபத்தொரு வயது, மகளுக்குப் பத்து மாதம். மதுரையில் பி.யு.சி. முடித்த கையோடு போடிக்கு வாக்கப்பட்டு வந்தவள் நான். கணவருக்குப் போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டம். சனிக்கிழமை ஜீப்பில் இறங்குவார், திங்கட்கிழமை ஏறிவிடுவார். வீட்டில் நானும் குழந்தையும் அவருடைய அக்காவும். அக்காவை நான் மதினி என்பேன். புருஷனை இழந்து தம்பி வீட்டோடு வந்துவிட்டவர். வீடு அவர் சொல்படிதான் நடந்தது.

மகளுக்குச் சளி பிடித்தால் மூச்சு இழுக்கும். விலாவில் தோல் உள்ளே போய்ப் போய் வரும். இரண்டு மாதத்தில் மூன்று தடவை இப்படி ஆனது. மூன்றாவது தடவை ஊசி போட்டபின் டாக்டரம்மா சொன்னார்: "இன்னொரு தடவை இந்த மாதிரி வந்து ஊசிக்கும் கேக்கலைன்னா... இங்க வச்சுப் பாக்க முடியாதும்மா. மதுரைக்குத்தான் கொண்டு போகணும்."

பஸ்சில் மூன்று மணி நேரம். இழுக்கிற மூச்சோடு அந்த மூன்று மணி நேரத்தைப் பிள்ளை தாங்குமா? அன்றிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை.

அன்று வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் மதினி சொல்லிக்கொண்டே வந்தார். "அந்தம்மாவுக்கே இளைப்பாம்ல. ஊரே சொல்லுது. தன் நெஞ்சச் சரிபண்ணத் தெரியாதவ, நம்ம பிள்ள நெஞ்ச என்னத்தப் பாப்பா?"

எனக்கும் அந்தக் கேள்வி இருந்தது. மதினியிடம் அது ஏளனம். என்னிடம் ஆச்சரியமாக இருந்தது. மூச்சு முட்டுகிற ஒருத்தி எப்படி இத்தனை வருஷம் படித்தாள்?

டாக்டரம்மா பிள்ளைகளை மேஜையில் கிடத்த மாட்டார். தாயின் மடியிலேயே வைத்துப் பார்ப்பார். பார்ப்பதற்கு முன்னால், "நேத்துக் காலையில இருந்து சொல்லுங்க" என்பார். எழுந்தது, குடித்தது, தூங்கியது, எந்த அறை, பாயா தொட்டிலா, எல்லாம் சொல்ல வேண்டும். நடுவில் குறுக்கிட மாட்டார். எனக்கு அது பரீட்சை போலிருக்கும். மருந்து கொடுத்த நேரத்தை நிமிஷம் தவறாமல் சொல்வேன். ஒன்றை மட்டும் மூன்று தடவையும் சொல்லவில்லை.

தலைக்கு ஊற்றியதும் பிள்ளைக்குச் சாம்பிராணி காட்டுவது எல்லா வீட்டிலும் உள்ளதுதான். எங்களைப் போலத் தோட்டம் வைத்திருந்த வீட்டில் அதோடு இன்னொன்றும் சேரும். காய் ஆயும்போது கழிகிற ஏலத்தொலி, காம்பு, சருகு எல்லாவற்றையும் ஒரு டப்பாவில் சேர்த்து வைத்திருப்பார் மதினி. அதில் ஒரு கை அள்ளித் தணலில் போடுவார். மேலே கூடையைக் கவிழ்த்து, அதன்மேல் பிள்ளையைத் துணியோடு சாய்த்துப் பிடிக்க வேண்டும். நெஞ்சுச் சளி இளகும் என்பார்கள். சளி கூடினால் தொலியும் கூடும். பிள்ளை முகத்தைத் திருப்பும். திருப்ப விடாமல் பிடித்திருந்தவள் நான்.

இதை ஏன் சொல்லவில்லை? படித்தவள் போய் இதைச் சொல்வதா என்ற கூச்சம் இருந்தது. புகையை மருந்துக் கணக்கிலும் சாப்பாட்டுக் கணக்கிலும் சேர்க்காமல் விட்டது இன்னொரு காரணம். இரண்டில் எது பெரியது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

ஒரு வாரம் கழித்து மறுபடி காட்ட வரச் சொல்லியிருந்தார். அன்று காலை மதினி தலைக்கு ஊற்றி, இரண்டு கை தொலி போட்டார். பத்து மணிக்கு மூவரும் போனோம். டாக்டரம்மா மடிமேல் குனிந்து பிள்ளை முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. முகத்தைத் திருப்பி இருமினார். மறுபடி குனிந்தார், மறுபடி இருமல். எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டார். கதவுக்கு அப்பாலிருந்து அவர் மூச்சு இழுப்பது எங்களுக்குக் கேட்டது.

"நான் சொல்லல?" என்றார் மதினி மெதுவாக.

டாக்டரம்மா கொஞ்ச நேரம் கழித்துத்தான் வந்தார். நெற்றி வேர்த்திருந்தது. கோபத்தைத் தேடினேன், முகத்தில் காணவில்லை.

"பிள்ளை முடியில புகை வாசம் இருக்கே. ஏலத்தொலியா?"

மதினிதான் பதில் சொன்னார். "ஆமா. எங்க வீட்டுல எல்லாப் பிள்ளைக்கும் போட்டதுதான். நெஞ்சு இளகும்ல."

"நீங்க ஏன் சொல்லலை?" என்று என்னைக் கேட்டார்.

"கோவிப்பீங்களோன்னு..."

"கோவிச்சுக்கிறதுக்கெல்லாம் எனக்கு மூச்சு இல்லம்மா" என்று சிரித்தார். பிறகு ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி என் காதில் மாட்டி, பிள்ளை முதுகில் வைத்தார். உள்ளே எங்கேயோ மெல்லிய விசில் ஒன்று, மூச்சை விடும்போதெல்லாம் நீண்டுகொண்டே போனது. வெளியே சாதாரணமாகத்தான் இருந்தாள், என் வளையலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

"அவங்களுக்கும் குடுங்க."

மதினி காதில் மாட்டிக்கொண்டார். "உள்ள யாரோ ஊதல் ஊதுறாப்புல இருக்கே."

டாக்டரம்மா அதைத் தன் நெஞ்சில் வைத்தார். மதினி வெகுநேரம் கேட்டார். "ஆத்தா," என்றார் கடைசியில், "உனக்கும் அதே சத்தம்."

அப்போதுதான் அவர் கதை எங்களுக்குத் தெரிந்தது. மலையில் காய் உலர்த்தும் கட்டடத்தை ஸ்டோர் என்பார்கள். அப்பா அங்கே ராவும் பகலும் அடுப்புக்கு விறகு தள்ளுகிறவர். குளிருக்கு அந்தச் சுவரை ஒட்டியே பிள்ளைகள் படுப்பார்களாம். இவருக்கு இழுப்பு வந்ததும் அம்மா தொலிப் புகை போட்டார். கேட்கவில்லை என்று இன்னும் போட்டார். ஏழாவது வயதில் போடிப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க, சொந்தக்காரர் வீட்டில் கொண்டு விட்டார்கள். அங்கே வந்த இரண்டாம் மாதம் இழுப்பு குறைந்தது. ஏன் குறைந்தது என்று யாரும் கேட்கவில்லை. "எனக்கு மட்டும் அது மனசுலயே கிடந்துச்சு. அதுக்காகத்தான் படிச்சேன்னு சொன்னா... முழுசா உண்மை இல்ல. கொஞ்சம் உண்மை."

மதினி கேட்டார்: "அப்ப உங்காத்தாதான் உன்னக் கெடுத்துச்சா?"

"எங்கம்மா என்னைப் பொழைக்க வைக்கப் பாத்தாங்க. கையில இருந்தது அதுதான்." பிள்ளையின் கன்னத்தைத் தட்டி, "சாரமில்ல, சாரமில்ல" என்றார். மேலே மலை கேரளத்தைச் சேர்ந்தது; பரவாயில்லை என்பதற்கு அங்கே மலையாளத்தில் சொல்வது. மலையிலிருந்து இறங்கியும் அந்தச் சொல் அவரை விட்டுப் போகவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மதினி அந்த டப்பாவை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனார். பிள்ளைக்குப் புகை நின்றது.

ஆறு வாரம் நன்றாக இருந்தாள். ஐப்பசி மழை தொடங்கி நாலாம் நாள் விடிந்தபோது, விலா உள்ளே போய் வந்தது. புகை போடவே இல்லை. அப்படியென்றால் புகை காரணமே இல்லையா? வேறு எதையோ செய்துவிட்டேனா? மழையில் நனையாமல் அவளைச் சேலைக்குள் பொத்திக்கொண்டு ஓடினேன். பின்னால் மதினி குடையோடு, "மெல்லப் போ, வழுக்கும்" என்று கத்திக்கொண்டே வந்தார். மதுரைக்குப் போக வேண்டி வந்தால் என்று மாற்றுச் சேலையும் பால் புட்டியும் ஒரு பையில் அவர் கையில் இருந்தன.

டாக்டரம்மா ஸ்டெதஸ்கோப்பில் கேட்டார், மூச்சை எண்ணினார், ஊசி போட்டார். "இங்கயே உக்காருங்க. பாப்போம்." பிள்ளையைப் படுக்க வைக்காமல், தோளில் நிமிர்த்தி வைக்கச் சொன்னார். ஒவ்வொரு பிள்ளையைப் பார்த்து முடித்ததும் எங்களிடம் வந்து, விலாவில் கை வைத்துப் பார்த்துவிட்டுப் போனார். நான்காவது தடவை வந்தபோது என்னால் அடக்க முடியவில்லை.

"அன்னைக்குப் புகைன்னு சொன்னீங்களே டாக்டர். இப்ப அது இல்லியே?"

"புகை பாதி. மிச்சம் அவகூடவே பிறந்தது. பாதியைத்தான் நம்மால நிறுத்த முடியும்."

"உங்களுக்கு முட்டும்போது எப்படி இருக்கும்?"

அதுவரை யாரும் கேட்டதில்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. யோசித்தார். "மூச்சு உள்ள வராத மாதிரின்னு எல்லாரும் நினைப்பாங்க. இல்ல. உள்ள போனது... வெளிய வர மாட்டேங்கும். படுத்தா பயமா இருக்கும். யாராவது முதுகுல சும்மா கை வச்சிருந்தா போதும்."

பேச இன்னும் தெரியாத பிள்ளைக்கு உள்ளே என்ன நடக்கிறது என்பதை அன்றுதான் ஒருவர் எனக்குச் சொன்னார். தோளில் கிடந்தவளின் முதுகில் கையை வைத்தேன். தட்டாமல், தேய்க்காமல், வெறுமனே வைத்திருந்தேன்.

பதினொரு மணிக்கு மேல் விலா அடங்கியது. டாக்டரம்மா கடைசியாக ஒருமுறை கேட்டுவிட்டு, "வீட்டுக்குப் போங்க" என்றார். மதினி மதுரைக்கென்று கட்டிய பையிலிருந்து பால் புட்டியை எடுத்து, அங்கேயே என்னிடம் நீட்டினார்.