சந்தனம் பூசிய போல்ட்

எங்கள் வீடு வெள்ளிக்கிழமைகளில் வெங்காயம்கூட நறுக்காத சைவ வீடு. அந்த வீட்டு பீரோவுக்குப் பின்னால் ஒரு வேட்டைத் துப்பாக்கி நின்றுகொண்டிருந்தது. கடையம் பக்கம் மலையடிவாரத்தில் இருந்த எங்கள் வயலில் காட்டுப்பன்றி இறங்குகிறது என்று சொல்லி அப்பா உரிமம் வாங்கியிருந்தார். ஒரு பன்றியையும் அவர் சுட்டதில்லை. வானத்தைப் பார்த்துச் சுடுவார். பன்றிகள் கொஞ்சதூரம் ஓடி நின்று, சத்தம் அடங்கியதும் திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து தின்னும்.

ஆனால் அந்தத் துப்பாக்கியின் பூர்வீகத்தை அப்பா சொல்லிக் கேட்க வேண்டும். பிறவியில் அது பட்டாளத்துத் துப்பாக்கி. வெள்ளைக்காரன் காலத்துச் சிப்பாய் சுமந்த த்ரீ நாட் த்ரீயின் அதே உடம்பு, தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டுகிற அதே போல்ட். பட்டாளத்துத் தோட்டா வெளியே கசிந்து கண்டவன் கையில் சேர்ந்துவிடக் கூடாதென்று அந்த அளவைப் பொதுமக்களுக்குத் தடை செய்தார்கள். அதனால் அதே உடம்பில் வேறு அளவுக் குழாயை மாட்டி, முன்பக்க மரத்தைப் பாதியோடு வெட்டி, மெருகு போட்டு, த்ரீ ஒன் ஃபைவ் என்று விற்றார்கள். "ரிட்டையர்டு சிப்பாய்க்கு வேட்டி கட்டிவிட்ட மாதிரி" என்பேன். அப்பா சிரிக்க மாட்டார். என் நகைச்சுவைக்கும் அவருக்கும் நடுவே எப்போதும் ஒரு சேஃப்டி உண்டு.

போன ஆயுத பூசை முடிந்து கொஞ்ச நாளில் அப்பா போய்விட்டார். உரிமத்தை என்ன செய்வதென்று நான் அலைந்துகொண்டிருந்தபோதே தேர்தல் அறிவித்துவிட்டார்கள். தேர்தல் என்றால் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் எல்லாரும் அதைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். படுக்கை விரிப்பில் சுற்றி, ஸ்கூட்டரில் கால்களுக்கு நடுவே செங்குத்தாக நிறுத்தி, குழாய் முனையில் கிட்டத்தட்ட தாடையை வைத்தபடி ஓட்டிக்கொண்டு போனேன். நான் ஆயுள் காப்பீட்டு முகவர். மனித உயிர் எந்த நிமிடமும் போகலாம் என்று வீடுவீடாகச் சொல்லிப் பிழைப்பவன்.

நிலையத்தின் பின்னறையில் ரைட்டர் உட்கார்ந்திருந்தார். வழக்குகளை எழுதுவதும் வந்த பொருளை வாங்கி வைப்பதும் அவர் வேலை. தோட்டா அடுக்குகிற மேகசினைக் கழற்றிப் பார்த்தார். காலி.

"போல்ட்டத் திறந்து காட்டுங்க அண்ணாச்சி. காலியா இருக்கான்னு பாத்துட்டு வாங்கிக்கிடுதேன்."

தூக்கினேன். அசையவில்லை. முக்கித் தூக்கினேன். என் இடுப்புதான் அசைந்தது.

ரைட்டர் குனிந்து பார்த்தார். இடதுபக்கம், தவறி வெடிக்காமல் பூட்டிவைக்கிற சேஃப்டி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சந்தனக் கட்டி, நடுவில் குங்குமத்தோடு. வருசா வருசம் பூசிய சந்தனமும், துடைப்பதற்கு அப்பா தேய்த்த தேங்காய் எண்ணெயும் சேர்ந்து சிமெண்டாகியிருந்தன. கடைசி வருசம் அப்பாவுக்குக் கை நடுக்கம். அந்தப் பூச்சு மட்டும் வடை அளவுக்கு இருந்தது. அப்புறம் ரைட்டரின் பார்வை போல்ட்டின் பின்முனைக்குப் போனது. அங்கே இருக்கிற குமிழைக் குதிரை என்பார்கள். அது பின்னால் இழுபட்டு, சுடத் தயாராக நின்றது.

"ஏ அண்ணாச்சி, குதிரை ஏறி நிக்கில்லா! உள்ள தோட்டா கெடக்கா?"

"தெரியாது."

"தெரியாதுன்னா?"

அந்தக் கேள்வியை அவர் வாசலுக்கு வெளியே இருந்து கேட்டார். எப்போது போனார் என்று நான் பார்க்கவில்லை.

"மூலையில இருக்க அந்த மணல் வாளியப் பாத்துக் குழாயப் பிடிச்சுக்கிட்டு அப்படியே நில்லுங்க. அசையாதீங்க."

"கீழ வச்சிரட்டுமா?"

"ஐயோ, வைக்காதீங்க! சேஃப்டி முழுசா விழுந்திருக்கா பாதியில நிக்கான்னே தெரியல. தட்டிச்சுன்னா போச்சு."

கதவைச் சாத்திவிட்டார்கள். அறையில் நானும் ஓய்வுபெற்ற சிப்பாயும் மட்டும்.

அப்போதுதான் நிலைமை எனக்கு முழுசாக விளங்கியது. உள்ளே தோட்டா இருக்கிறதா என்று பார்க்கப் போல்ட்டைத் திறக்க வேண்டும். இந்த ஜாதி போல்ட், சேஃப்டி போட்டிருந்தால் திறக்காது. எப்போதோ புதருக்குள் தவழ்ந்த சிப்பாய்க்குப் போல்ட் கொடியில் மாட்டித் திறந்துகொள்ளக் கூடாதென்று செய்த ஏற்பாடு. சேஃப்டியை எடுத்தாலோ, தோட்டா இருந்து விசையும் சதி செய்தால் வெடிக்கும். தெரிந்துகொள்ள ஒரே வழி, தெரியாமலே அதைச் செய்வது.

மூக்கின் நுனி அரிக்க ஆரம்பித்தது. உயிர்போகிற நேரத்தில் மனிதன் கடவுளை நினைப்பான் என்று வாடிக்கையாளர்களிடம் சொல்லியிருக்கிறேன். பொய். மூக்கைத்தான் நினைக்கிறான். அடுத்தபடியாக என் சொந்த பாலிசியை நினைத்தேன். என்னிடமே நான் போட்டு, அந்த கமிஷனையும் நானே வாங்கிச் சிரித்த பாலிசி.

சட்டைப் பையில் போன் அடித்தது. ஜன்னலுக்கு வெளியே எஸ்.ஐ. அம்மாவின் குரல்.

"யாருங்க அது?"

"எங்கம்மாவா இருக்கும் மேடம். சாப்பாட்டு நேரம்."

"அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்லா! ரைட்டர், போய் எடுத்து ஸ்பீக்கர்ல போடும்."

"மேடம், எனக்கு ரெண்டு பொம்பளப் பிள்ளைய."

"எனக்கும் பிள்ளைய உண்டும்வே" என்றேன் உள்ளிருந்து.

ரைட்டர் என் முதுகுப்பக்கமாகவே வந்து, என்னைக் கட்டிப்பிடிப்பதுபோல் கையை விட்டுப் போனை எடுத்தார்.

"ஏ எய்யா, சோறு ஆறுதே. வாரியா இல்லியா?"

"எம்மா, அப்பா துப்பாக்கிய எப்படிம்மா வச்சிருந்தாக? உள்ள தோட்டா இருக்குமா?"

"வெறுந்துப்பாக்கிக்குப் பொட்டு வைக்கக்கூடாதும்பாக. பூசையன்னைக்கி ஒண்ண உள்ள போட்டுத்தான் சூடம் காட்டுவாக."

ரைட்டர் போனை மேசையில் வைத்துவிட்டு மறுபடி காணாமல் போனார்.

"பொறவு?"

"பொறவு எடுத்திருவாக."

"கடைசி பூசைக்கும் எடுத்தாகளா?"

அம்மா யோசித்தாள். அந்த யோசனையில் எனக்கு இரண்டு மூன்று வயது கூடியது.

"எடுத்திருப்பாக."

ஆயுதப்படையில் இதற்கென்று இருக்கிற ஆளை எஸ்.ஐ. அம்மா கூப்பிட்டுப் பார்த்தார். அவர் பந்தோபஸ்துக்குத் திசையன்விளை பக்கம் போயிருந்தார். வர இருட்டிவிடும். அதுவரைக்கும் இதைத் தூக்கிப் பிடித்து நிற்க என்னால் ஆகாது என்றேன்.

"கொல்லைக்குக் கொண்டுவாங்க சார். பைய" என்றார் எஸ்.ஐ. அம்மா.

கொல்லையில் தாமிரபரணியில் மணல் அள்ளிப் பிடிபட்ட டிராக்டர் ஒன்று நின்றது. அதிலிருந்து இறக்கிய மணல் குவியலுக்கு நேராகக் குழாயைப் பிடித்து நின்றேன். ரைட்டர் டீக்கடையிலிருந்து வெந்நீர் வாங்கிவந்து, கையை எவ்வளவு நீட்ட முடியுமோ அவ்வளவு நீட்டிச் சந்தனத்தின் மேல் ஊற்றினார். பாதி என் முழங்கையில் விழுந்தது. காவல் நிலையக் கொல்லையெல்லாம் கோயில் வாசனை.

"யாரு மேடம் சேஃப்டிய எடுக்கது?"

"கை மாத்துறதுதான் சார் ஆபத்து. நீங்கதான் எடுக்கணும். டிரிக்கர் பக்கம் விரலே போகக்கூடாது."

கட்டைவிரலால் தள்ளினேன். சந்தனம் கரைந்து வழிந்தது. டக் என்று ஒரு சத்தம். கண்ணை மூடியிருந்ததால், செத்துவிட்டேனா என்று சிறிது நேரம் நிச்சயமாகத் தெரியவில்லை.

"தொறங்க அண்ணாச்சி!"

போல்ட்டைத் தூக்கிப் பின்னால் இழுத்தேன். மஞ்சளாக ஒன்று துள்ளி வந்து மணலில் விழுந்தது. முழுத் தோட்டா. அதன் பின்புறத்தில், வெடிப்பதற்கு அடிபட வேண்டிய இடத்தில், அப்பா சின்னதாக ஒரு குங்குமப் பொட்டு வைத்திருந்தார்.

எஸ்.ஐ. அம்மா குனிந்து அதை எடுத்தார். ரைட்டர் என் விரல்களை மரத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்துத் துப்பாக்கியை வாங்கிக்கொண்டார். பின்னறையில் போன் இன்னும் அணையவில்லை என்பது அம்மாவின் குரல் கேட்டபோதுதான் தெரிந்தது.

"எய்யா! என்னல ஆச்சு? எடுத்துத்தான வச்சிருந்தாக?"

எஸ்.ஐ. அம்மா என்னைப் பார்த்தார். நான் உள்ளே போய்ப் போனைக் காதில் வைத்தேன்.

"எடுத்துத்தாம்மா வச்சிருக்காக. காலிதான்."

"நாந்தான் சொன்னேம்லா. அவுகளாவது மறக்கதாவது! நீதான் எதுக்கெடுத்தாலும் பயந்து சாவுத."

"ஆமாம்மா" என்றேன். போனை அணைத்துவிட்டு, முதல் வேலையாக மூக்கைச் சொறிந்தேன்.